வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடிய அம்மையார்

விடியற்காலையில் நம் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு தெரியும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் வள்ளங்கள் கரை சேருமுன்பே, மீன் வாங்கும் பெண்கள் கூடைகளோடு வந்து கூடுமுன்பே, மணலில் நாய்கள் வந்து காத்திருக்கும். தன் வீட்டு வள்ளம் எது என்பது ஒவ்வொன்றுக்கும் தெரியும். அதன் இயந்திர ஓசை கேட்ட மாத்திரத்தில் எழுந்து வாலை ஆட்டத் தொடங்கும். வலையிலிருந்து உதறி எறியும் பொடிமீன் அதற்குக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மீன் கிடைக்காத நாட்களிலும் அது வருகிறதே, அதற்கு என்ன சொல்வது?

அப்படி ஒரு நாய் நம் பள்ளி வாசலுக்கும் வாய்த்தது. செவலை நிறம், இடது காது மடிந்திருக்கும். காவலாளித் தாத்தாவின் நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கும். மதிய மணி அடித்தால் எழும். பிரார்த்தனை மணிக்கு எழாது. சிறுமிகள் சோற்றுப் பொட்டலத்தில் பாதியை அதற்கே கொடுத்துவிடுகிறார்கள் என்று தாய்மார்கள் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

2025 நவம்பரில் பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகங்களில் சேர்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செய்தி வந்த மறுநாளே பெற்றோர் சிலர் வந்து சிஸ்டர் அவர்களைப் பார்த்தனர். நாயை உடனே அனுப்பிவிடவேண்டும் என்றனர். அதே பிற்பகல் ஆறாம் வகுப்பு மாணவியர் அதே அறைக்கு வந்து அழுதனர். இரு சாராரிடமும் நியாயம் இருந்தது. இதற்கெல்லாம் சட்டம் என்ன சொல்கிறது, அந்தச் சட்டத்தை யார் செய்தார் என்று அப்போதுதான் நாம் தேடத் தொடங்கினோம். தேடிய இடத்தில் நமக்குக் கிடைத்தவர் ஒரு பெண்மணி. அதிலும் நம் பக்கத்து மதுரையில் பிறந்தவர். நாட்டியத்திற்காக நாம் எல்லோரும் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரே அவர்.

அம்மையார் பிறந்தது 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அவருக்குப் பிறந்தநாள் வரும். எண்பத்தொரு வயது வரை வாழ்ந்த அவர், உண்மையான பிறந்தநாளை இருபது முறைதான் கண்டார் என்பது கணக்குப் பாடத்தில் கேட்கத்தக்க ஒரு வேடிக்கை. தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர். வடமொழியில் புலமை மிக்கவர். தாயார் சேஷம்மாள் சங்கீதத்தில் ஈடுபாடுடையவர். தந்தையார் பிரம்மஞான சபையில் பற்றுக்கொண்டு, ஓய்வுபெற்றபின் சென்னை அடையாற்றில் குடியேறினார். அன்னி பெசன்ட் அம்மையாரின் நிழலில் அச்சிறுமி வளர்ந்தாள். பிரம்மஞான சபையின் கொள்கைகள் நம் விசுவாசத்தோடு ஒத்தவை அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் நல்லது யாரிடமிருந்து வந்தாலும் அது இறைவனிடமிருந்தே வருகிறது என்று நமக்கு மறைக்கல்வி வகுப்பில் கற்பித்திருக்கிறார்கள் அல்லவா?

1920இல், தம் பதினாறாம் வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை அவர் மணந்தார். அருண்டேல் அவரைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். சென்னை நகரம் கொதித்தது. உற்றாரும் ஊராரும் தூற்றினர். ஊர் முழுவதும் எதிர்த்து நின்றாலும் தாம் சரியென்று எண்ணியதைச் செய்யும் துணிவு அந்த வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது. இந்தத் துணிவு பின்னால் பாராளுமன்றத்தில் தேவைப்பட்டது.

1928இல் பம்பாயில் அன்னா பாவ்லோவா என்ற ரஷ்ய நடன மேதையின் ஆட்டத்தைக் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்ய நேர்ந்தது. ருக்மிணி தேவி மேனாட்டு நடனம் கற்கத் தொடங்க, பாவ்லோவாவோ உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கள் என்னும் கருத்தை அவர் மனத்தில் விதைத்தார். ஊருக்குத் திரும்பியவர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிராட்டம் பயின்றார். 1935 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அரங்கேறினார். அக்காலத்தில் குலப்பெண் மேடையேறுவது பெரும் பாவமாகக் கருதப்பட்டது. 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார். இந்தக் கதையை நம்மில் பலர் பாடப்புத்தகத்திலேயே படித்திருப்பதால் இங்கே விரிக்கவில்லை. ஒன்றைமட்டும் சொல்லிச் செல்வோம்: அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்த கௌரி அம்மாளைப் போன்ற பெண்களுக்கு உலகம் அளித்த புகழ் மிகக் குறைவு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும்.

இன்னொரு செய்தி நம் சிஸ்டர்களுக்குப் பிடிக்கும். குழந்தைக் கல்வியில் புதுவழி கண்ட கத்தோலிக்கப் பெண்மணியான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் இந்தியாவுக்கு வந்ததும், அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும் அருண்டேல் தம்பதியரின் அழைப்பினாலேயே. இன்று நம் மழலையர் வகுப்பில் குழந்தைகள் மணிகளை எண்ணிக் கோக்கிறார்களே, அந்த முறை நம் நாட்டில் வேரூன்ற அந்த அழைப்பும் ஒரு காரணம்.

1955 முதல் 1970 வரை கலாக்ஷேத்திரம் இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக மேடையேற்றியது. இராமாயணம் என்றால் இராமேசுவரத்துக்காரர்களாகிய நமக்குச் சேதுவும் அணிலும் நினைவுக்கு வராமல் இருக்குமா? பெரிய பெரிய வானரங்கள் பாறைகளைச் சுமக்க, மணலில் புரண்டு எழுந்து கடலில் உதறிய அந்தச் சிறு பிராணியின் முதுகில் மூன்று கோடு போட்ட கதை, தனுஷ்கோடிப் பக்கம் எந்தப் பாட்டியும் சொல்லும் கதை. கதையில் அணிலைத் தடவிக்கொடுப்பது எளிது. உயிருள்ள அணிலைக் கவணால் அடிக்கும் பையனைத் தடுப்பதுதான் கடினம். அம்மையார் இந்த இரண்டாவது வேலையை எடுத்துக்கொண்டார்.

1952இல் இந்தியப் பாராளுமன்றத்தின் ராஜ்ய சபை முதன்முதலாகக் கூடியபோது, குடியரசுத் தலைவர் நியமித்த உறுப்பினர்களுள் ருக்மிணி தேவியும் ஒருவர். கலைக்காக நியமிக்கப்பட்டவர் கலையைப் பற்றிப் பேசுவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர். அவரோ 1953இல் மிருகவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனி உறுப்பினராகக் கொண்டுவந்தார். நாடு விடுதலை பெற்று ஆறு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. உணவுக்குப் பஞ்சம், இருக்க இடமில்லாத அகதிகள், எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் என்று மனிதர் துன்பமே மலைபோல் குவிந்திருந்த காலம் அது. இத்தகைய வேளையில் மாட்டுக்கும் நாய்க்கும் சட்டமா என்ற கேள்வி எழுவது இயற்கையே. இன்றும் நம் வீடுகளில் அதே கேள்வி எழுகிறது.

அதற்கு முன் நம் நாட்டில் சட்டமே இல்லாமல் இல்லை. 1890இல் ஆங்கிலேயர் செய்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் அது வீட்டு விலங்குகளுக்கும் பிடித்து அடைக்கப்பட்ட விலங்குகளுக்கும் மட்டுமே உரியது. கழுத்தில் புண்ணோடு பாரம் இழுக்கும் எருது, தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்ட கோழி, கழி கொண்டு அடித்துக் கொல்லப்படும் தெருநாய் இவையெல்லாம் அன்றாடக் காட்சிகளாகவே தொடர்ந்தன. என் மாடு, என் சாட்டை, நீ யார் கேட்க என்பதே வழக்கிலிருந்த நியாயம். அந்த நியாயத்தைத்தான் அம்மையார் கேள்விக்கு உட்படுத்தினார்.

மசோதா விவாதத்திற்கு வந்தபோது அவர் நெடுநேரம் பேசினார். சபை அமைதியாகக் கேட்டது. பிரதமர் நேரு எழுந்து, மசோதாவின் நோக்கத்தைத் தாம் ஏற்பதாகவும், அரசாங்கமே ஒரு குழு அமைத்து ஆராய்ந்து விரிவான சட்டம் கொண்டுவரும் என்றும் உறுதி கூறி, மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்போம். பல மாதம் உழைத்து எழுதிய மசோதா. தம் பெயரிலேயே சட்டமாகியிருந்தால் எவ்வளவு பெருமை! திரும்பப் பெற்றால் அரசாங்கக் குழு என்னும் கிணற்றில் போட்ட கல்லாகிவிடுமோ என்ற அச்சம் யாருக்குத்தான் இராது? அம்மையார் திரும்பப் பெற்றார். பெயர் தமக்கு வரவேண்டும் என்பதைவிட வேலை நடக்கவேண்டும் என்பதே அவருக்கு முக்கியமாயிற்று. அவர் வாழ்க்கையில் மேடையேறிய துணிவைவிட இந்த விட்டுக்கொடுத்தல் பெரிது என்பது நம் எண்ணம். குழு அமைந்தது, அறிக்கை வந்தது. 1960ஆம் ஆண்டு டிசம்பரில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. காத்திருந்தது ஏழு ஆண்டுகள்.

அந்தச் சட்டத்தில் விலங்கு என்பதற்குக் கொடுத்திருக்கும் பொருள் நம்மை வியக்கவைக்கிறது. மனிதரல்லாத எந்த உயிருள்ள பிராணியும் விலங்கே. வீட்டில் வளர்ப்பதா, தெருவில் திரிவதா என்ற வேறுபாடு அங்கே இல்லை. அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, நோயுற்றதை வேலை வாங்குவது, போதிய தீனியும் தண்ணீரும் இடமும் தராதது, வளர்த்ததை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவது எல்லாம் குற்றம். எப்போதும் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை அவிழ்த்து நடமாடவிடாமல் இருப்பதும் குற்றம் என்று தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது! மாடிப்படிக்குக் கீழே மூன்று முழச் சங்கிலியில் ஆண்டுக்கணக்காகக் கட்டிக்கிடக்கும் நாய்களை நாம் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம். அது சட்டவிரோதம் என்று நமக்குத் தோன்றியதுண்டா?

சட்டத்தைத் தொடர்ந்து 1965இல் வண்டி விலங்குகளுக்கான விதிகள் வந்தன. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இளைப்பாறல் இன்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது. இராமநாதபுரத்து வெயிலை அறிந்த நமக்கு இந்தக் கடைசி விதியின் அருமை புரியும். கருவேலங்கரி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகளும், இராமேசுவரத்தில் யாத்திரிகர்களைச் சுமந்த குதிரை வண்டிகளும் நிறைந்திருந்த நாட்களில் எத்தனை வண்டிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி. அவர்களும் ஏழைகள், மாடு நின்றால் அடுப்பும் நின்றுவிடும். ஒருவர் பட்டினியையும் இன்னொன்றின் புண்ணையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கவேண்டிய சங்கடம் இதில் எப்போதும் உண்டு.

குறைகளையும் மறைக்கவேண்டாம். முதல்முறை குற்றத்துக்கு அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் என்று 1960இல் எழுதினார்கள். அன்று ஐம்பது ரூபாய் பெரிய தொகை. அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அதே தொகைதான் சட்டத்தில் நிற்கிறது. இன்று அது நம் சிற்றுண்டிச்சாலையில் இருவர் பலகாரம் தின்னும் காசு. தொகையை உயர்த்தும் வரைவு ஒன்றை 2022இல் மத்திய அரசு வெளியிட்டது, அத்துடன் நின்றது.

இன்னொரு குறை நாய்களைப் பற்றியது. எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னைனை இதயத்தில் செலுத்தித் தெருநாயைக் கொல்வதைச் சட்டம் தடுத்தது. ஆனால் கொல்லறைகளில் இட்டுக் கொல்வதற்கு விதிவிலக்கு அளித்தது. கருணைக்காகப் போராடியவரின் கனவில் பிறந்த சட்டத்திலேயே இந்த வாசல் திறந்திருந்தது! சென்னை மாநகராட்சியில் நாய்களைப் பிடித்துக் கொல்வது ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. கொன்றும் அவை குறையவில்லை. ஓரிடத்து நாய்களை அகற்றினால் அங்குள்ள எச்சில் இலைகளுக்காகப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து சேரும். எஞ்சியவை குட்டி போடும்.

சென்னையில் 1959இல் புளூ கிராஸ் என்னும் அமைப்பைத் தொடங்கியவர் விமானியான கேப்டன் சுந்தரம். அவர் துணைவியார் உஷா அம்மையாரும் விமானி. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று புளூ கிராஸ் நெடுங்காலம் எடுத்துச் சொன்னது. 1996இல்தான் மாநகராட்சி கொல்வதைக் கைவிட்டு அந்த வழியை ஏற்றது. 2001இல் அது நாடு முழுவதற்குமான விதியாயிற்று. 2023இல் புதிய விதிகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் விதி இருந்தும், அறுவை செய்ய மருத்துவரும் இடமும் பணமும் பல ஊர்களில் போதவில்லை. உச்ச நீதிமன்றம் 2025இல் தலையிட்டதற்கு இந்தப் போதாமையும் ஒரு காரணம்.

சட்டம் செய்ததோடு அம்மையார் ஓய்ந்துவிடவில்லை. அச்சட்டத்தின்படி 1962இல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதன் தலைமையகம் டில்லியில் அல்ல, சென்னையிலேயே அமைந்தது. 2018இல்தான் அது அரியானாவிலுள்ள பல்லப்கருக்கு மாற்றப்பட்டது. காலையில் நாட்டிய ஒத்திகை, பிற்பகலில் வாரியக் கோப்புகள் என்று இரு பொறுப்புகளையும் ஒருசேரச் சுமந்தார். மரக்கறி உணவையே உண்டார். அதனை உலகெங்கும் பரப்பிய சர்வதேச சங்கத்திலும் பொறுப்பு வகித்தார். 1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தார். நம் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவர் என்ற பெருமை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அம்மையார் அதை ஏற்கவில்லை. தம் பெயர் பெரிதில்லை என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்னும் அவர் மறக்கவில்லை போலும். 1986 பிப்ரவரி 24ஆம் நாள் மறையும்வரை வாரியத் தலைவராகவே இருந்தார். அதே ஆண்டில்தான் நம் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

நாய்க்கு அஞ்சும் பெற்றோரை இரக்கமற்றவர்கள் என்று எண்ணுவது தவறு. வெறிநாய்க்கடி நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் அந்நோயால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்கினர் நம் நாட்டவர். அவர்களில் குழந்தைகள் மிகுதி. லூயி பாஸ்டர் 1885இல் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். நம் தென்னாட்டுக்கென்று குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் எழுந்தது. எனவே மாணவியர் மனத்தில் பதித்துக்கொள்க: நாய் கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது; அடிப்பார்களே என்று பயந்து மறைக்கவும் கூடாது.

ஆனால் அச்சத்திற்கு நிவாரணம் கல்லெறிவதன்று. நம் வேதாகமத்தில் தோபித்து நூலைப் படித்தவர்கள் நினைவுகூர்வர். இளைஞன் தோபியா வானதூதர் இரபேலோடு நெடும்பயணம் புறப்படும்போது அவர்கள் பின்னால் வீட்டு நாயும் செல்கிறது. அது எந்த அற்புதமும் செய்யவில்லை. கூடப் போயிற்று, அவ்வளவே. லாசர் என்ற ஏழையைச் செல்வன் திரும்பியும் பாராதபோது அவன் புண்களை நக்கியவை நாய்கள்தாம். உலகப் பிராணிகள் தினமாக 1931இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் அக்டோபர் 4, புனித அசிசியாரின் திருநாள். மகாபாரதத்திலும் தருமர் தம்மைப் பின்தொடர்ந்த நாயைவிட்டுச் சுவர்க்கத்தில் நுழைய மறுத்தார். இந்த ஒன்றில் எல்லாச் சமயத்துப் பாட்டிமாரும் ஒரே கட்சி.

இனி நம் செவலைக்கு வருவோம். பத்து நாள் பேச்சுவார்த்தை நடந்தது. காப்பகம் வெகு தூரம். வாசலிலேயே வைத்திருப்பது உத்தரவுக்கு மாறானது. முடிவில் காவலாளித் தாத்தாவே ஒரு வழி சொன்னார். கடற்கரையோரம் இருக்கும் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று சொந்த நாயாக வளர்த்துக்கொள்வதாகச் சொன்னார். கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்து, கழுத்தில் நீலப் பட்டை கட்டியாயிற்று. செலவுக்கு ஆறாம் வகுப்பினர் உண்டியல் வைத்தனர். புகார் சொன்ன பெற்றோரில் இருவரும் அதில் போட்டனர்.

முதல் வாரம் அது பள்ளிக்கே திரும்பி ஓடிவந்தது. தாத்தா சங்கிலியில் கட்டினார். அச்செய்தி வகுப்புக்கு எட்டியதும், சட்டத்தின் அந்தத் தனிப் பிரிவை ஒரு தாளில் அழகாக எழுதி, நான்கு சிறுமிகள் தாத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தனர். தாத்தா சிரித்துவிட்டு அன்று முதல் காலையும் மாலையும் அவிழ்த்துவிடுகிறார். இப்போது அதுவும் விடியுமுன் கரைக்குப் போய் மற்ற நாய்களோடு உட்கார்ந்து கொள்கிறதாம். தாத்தா வீட்டில் வள்ளம் கிடையாது. எதற்காகப் போகிறது என்று அவருக்கும் தெரியவில்லை.